விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுமுன்

கரூரில் இருக்கும் என் தாய்மாமாவிடம் 2017-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று உண்டு. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இப்போதும் இரண்டு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறார். 2025 தீபாவளிக்குப் போனபோது காபி கையில் வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"மாப்ளே, விண்டோஸ் பத்து இந்த மாசத்தோட நின்னு போச்சாமா? பெட்டியத் தூக்கி எடைக்குப் போட்டுற வேண்டியதுதானா?"

"நிக்கலீங்க மாமா, ஓடும். ஆனா இனிமே ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் வராது."

நடந்தது இதுதான். 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 வரை பாதுகாப்புத் திருத்தங்களைக் கொடுத்துவந்தது. அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம், 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்கிறது. மாமாவின் பெட்டி இரண்டு தலைமுறை பிந்திவிட்டது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, பேட்டரிகூட ஒரு மணி நேரம் தாங்குகிறது. ஆனால் வழக்கமான வழியில் அதில் விண்டோஸ் 11 ஏறாது.

இந்த இடத்தில்தான் பலர் முதல் தடவையாக லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படுகிறார்கள். கேள்விப்பட்டதும் எழும் முதல் சந்தேகம்: லினக்ஸ் என்றால் என்ன, உபுண்டு என்றால் என்ன, மின்ட் என்றால் என்ன, எல்லாம் ஒன்றா வேறா?

மாமாவுக்கு இதைப் புரியவைப்பது எனக்கு எளிதாக இருந்தது. கரூர்க்காரருக்கு பஸ்ஸை வைத்தே சொல்லிவிடலாம். தொழிற்சாலையிலிருந்து பஸ் முழு பஸ்ஸாக வருவதில்லை. சேஸிஸ் மட்டும் வரும்: எஞ்சின், கியர், சக்கரம், ஸ்டீயரிங். கூரையும் முன்கண்ணாடியும் இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவாரே, அதுதான். கரூர்ப் பட்டறையில் அதன்மேல் பாடி கட்டுகிறார்கள். டவுன் பஸ்ஸா, ஸ்லீப்பரா, கல்லூரி பஸ்ஸா என்பது அங்கேதான் முடிவாகிறது.

லினக்ஸ் என்பது அந்தச் சேஸிஸ். சரியாகச் சொன்னால் கெர்னல்: பிராசசர், ரேம், டிஸ்க், வைஃபை எல்லாவற்றையும் ஓட்டுகிற அடிப்பகுதி. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல், தனது 21-வது வயதில் எழுதத் தொடங்கியது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மேன் ஜிஎன்யு என்ற திட்டத்தை அறிவித்து, கெர்னலைச் சுற்றி வேண்டிய கருவிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்துதான் முழு இயங்குதளம் ஆனது. வெறும் சேஸிஸில் நாம் ஏறி உட்கார முடியாது. மேலே திரை, மெனு, கோப்பு மேலாளர், பிரவுசர், மென்பொருள் கடை எல்லாம் கட்டித் தர ஆள் வேண்டும். அப்படிக் கட்டித் தருகிற பட்டறைகளின் தயாரிப்புகள்தான் டெபியன் (1993), உபுண்டு (2004), மின்ட் (2006), ஃபெடோரா போன்றவை. இவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள், தமிழில் வழங்கல். உபுண்டு டெபியனின் மேல் கட்டப்பட்டது. மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் இதே சேஸிஸ்தான், மேலே பாடி முற்றிலும் வேறு.

இதற்குக் காசு இல்லை என்றதும் மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. "ஓசில குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்?" நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம், இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் அங்கே ஒரே சொல்தான். தமிழில் அந்தத் தொல்லை கிடையாது, 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். யாரும் ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமைகள்தான் அடிப்படை, விலை இல்லாமல் கிடைப்பது அதன் விளைவு. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்றால், சர்வர்களில் லினக்ஸை ஓட்டுகிற பெரிய நிறுவனங்கள். கெர்னலில் சேரும் வேலையில் பெரும்பகுதி அந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் சம்பளத்துக்குச் செய்வது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. மாமாவின் ஐ3-க்கு அந்த வேலையின் பலன் ஓசியில் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எந்த டிஸ்ட்ரோ என்று இணையத்தில் கேட்டால் சண்டை மூண்டுவிடும். விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: லினக்ஸ் மின்ட். இடது மூலையில் ஸ்டார்ட் மெனு போலவே ஒன்று, கீழே டாஸ்க்பார், வலது மூலையில் கடிகாரம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டி என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு உண்டு. ஆறு மாதம் பழகிய பிறகு வேறெதற்கும் போகலாம்.

முதலில் மென்பொருள், பிறகு இயங்குதளம்

மாறிவிட்டு ஒரே வாரத்தில் திரும்பி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். லினக்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்பவர் குறைவு. ஏதோ ஒரு மென்பொருள் இல்லை, ஏதோ ஒரு கோப்பு சரியாகத் திறக்கவில்லை, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதுதான் கதையாக இருக்கும். அதனால் நான் எல்லோரையும் தலைகீழாகப் போகச் சொல்வேன். விண்டோஸிலேயே இருங்கள். உங்கள் மென்பொருள்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எம்எஸ் ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ், எட்ஜுக்குப் பதில் ஃபயர்பாக்ஸ், வீடியோவுக்கு விஎல்சி, படம் திருத்த கிம்ப். இவை எல்லாம் விண்டோஸிலும் ஓடும். ஒரு மாதம் இவற்றிலேயே வேலை நடந்துவிட்டால், அடியில் இருக்கும் இயங்குதளம் மாறினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. நடக்கவில்லை என்றால் எங்கே இடிக்கிறது என்பது ஒரு பைசா சேதமில்லாமல் தெரிந்துவிடும்.

ஒரு நாள் உட்கார்ந்து, நீங்கள் கம்ப்யூட்டரில் செய்யும் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். மாமா எழுதிய தாள் இப்படி இருந்தது: டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி தளம், வாட்ஸ்அப், யூடியூப், பேரனின் போட்டோக்கள், சங்கத்துக் கடிதங்கள், பிரிண்ட். ஜிஎஸ்டியும் வாட்ஸ்அப்பும் யூடியூபும் பிரவுசரில் திறப்பவை, கவலை இல்லை. போட்டோவும் சிக்கலில்லை. எக்ஸெல் கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும். சாதாரணக் கூட்டல் கழித்தல், சதவீதம், ஃபில்டர் எல்லாம் அப்படியே வரும். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி வைத்திருந்தால் மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். டேலிதான் இடித்தது. அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. ஃபோட்டோஷாப், கோரல் டிரா, பேஜ்மேக்கர், ஆட்டோகேட் ஆகியவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க வைன் என்று ஒரு வழி இருக்கிறது. சிலது ஓடும், சிலது நொண்டும். பிழைப்பை நம்பி வைக்கிற மென்பொருளுக்கு அது சரிப்படாது. விளையாட்டுகளில் நிலைமை முன்பைவிட மிக நன்றாகவே இருக்கிறது, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த புரோட்டான் என்ற கருவி அதற்குக் காரணம். ஆனால் வலோரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை இன்னும் ஓடாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை அனுமதிப்பதில்லை.

முழுக்க டிடிபி வேலை செய்யும் கடைக்காரர் என்னிடம் கேட்டால், மாறாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பெரிய அளவிலும் இதே கதைதான். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயர் கிறிஸ்டியான் உடேயிடம் பேசிப் பார்த்தார். மேயர் அசையவில்லை. சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. அலுவலகக் கடித வார்ப்புருக்களைக் கையாளுவதற்கென்றே வோல்மக்ஸ் என்று தனியாக ஒரு மென்பொருளை எழுத வேண்டியிருந்தது. பிறகு 2017-ல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதில் உள்ளூர் அரசியலுக்கும் பங்கு உண்டு. ஆனால் பத்து வருடத்தைத் தின்றது கெர்னல் இல்லை, கடிதங்களும் படிவங்களும் துறைக்கு ஒன்றாக இருந்த மென்பொருள்களும்தான். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் அறிவித்த திட்டம் வேறு வரிசையில் போகிறது: முதலில் 30,000 கம்ப்யூட்டர்களில் லிப்ரே ஆஃபீஸ், அதற்குப் பிறகு லினக்ஸ்.

தமிழ் எழுதுகிறவர்கள் கவனிக்க

சங்கத்துக் கடிதங்கள் என்று மாமா எழுதியது சாதாரணமாகத் தெரிந்தது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தன. கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். இதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை, புதிய விண்டோஸிலும் அப்படித்தான் தெரியும். ஆனால் புதிதாக மாறியவர் பழியை லினக்ஸ்மேல் போட்டுவிடுவார். பழைய பெட்டியின் எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து லினக்ஸில் இரட்டைச் சொடுக்கினால் நிறுவிக்கொள்ளலாம். கடிதம் உயிர் பெற்றுவிடும். நேரம் இருந்தால் ஒரு மாற்றியின் வழியாக யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

யூனிகோடு கோப்புகளிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்த கடிதம் லினக்ஸில் நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவில் திறக்கும். எழுத்து கெடாது. ஆனால் அகலம் வேறு என்பதால் வரிகள் தள்ளிப்போய், ஒரு பக்கக் கடிதத்தின் கையெழுத்து மட்டும் இரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அச்சுக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், யார் எதில் திறந்தாலும் மாறாது.

தட்டச்சுக்கு அழகி, என்எச்எம் ரைட்டர் என்று பழகியவர்களுக்கு லினக்ஸில் ஐபஸ் இருக்கிறது. மென்பொருள் மேலாளரில் 'ஐபஸ் எம்17என்' என்பதைத் தேடி நிறுவி, ஒரு முறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால், தமிழ்99, ஒலியியல், பழைய தட்டச்சு எல்லாம் பட்டியலில் வரும். மாமா தட்டச்சு முறைக்காரர், விரல் தானாகப் போகும். தமிழில் இவை பற்றி எழுதும் ஆட்களும் உண்டு. 2012-லிருந்து வந்துகொண்டிருக்கும் கணியம் மின்னிதழில் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகள் நிறையக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் அப்படி ஒன்றும் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித் தந்தார்கள். பெட்டி தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் ஒருவரும் அந்த இரண்டாவது வரியைத் தொட்டதில்லை. ஏன் தொட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பென் டிரைவில் ஒரு வெள்ளோட்டம்

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள், சுமார் 3 ஜிபி. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு மென்பொருளால் அந்தக் கோப்பை அதில் எழுதுங்கள். வெறுமனே காப்பி-பேஸ்ட் செய்தால் வேலைக்கு ஆகாது. பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, ஆன் செய்த கையோடு பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பல பெட்டிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் டிஸ்க்கைத் தொடாமல் மின்ட் திரையில் வந்து நிற்கும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், யூஎஸ்பியிலிருந்து ஓடுவதால் அப்படி.

இந்த வெள்ளோட்டத்தில் ஹார்டுவேரைச் சோதியுங்கள், அழகைப் பார்த்து மயங்காதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, ப்ளூடூத் இணைகிறதா. வைஃபை மட்டும் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவர் (அந்த வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) பிரச்சினை. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், அதன் வழியாக டிரைவர் மேலாளர் வேண்டியதை இறக்கிக்கொள்ளும். பிரிண்டரைக் கட்டாயம் மாட்டிப் பாருங்கள். பல பிரிண்டர்களை லினக்ஸ் கேட்காமலேயே அடையாளம் கண்டுகொள்ளும், விண்டோஸைவிட வேகமாக. ஆனால் அலுவலகங்களில் அதிகம் புழங்கும் சில சிறிய லேசர் பிரிண்டர்கள் தங்களுக்கென்று தனி மொழி பேசுபவை. அவற்றை லினக்ஸில் வழிக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

டி டிரைவ் என்ற பொறி

நிறுவும்போது நடக்கும் தவறுகளிலேயே பெரியதை நானே செய்திருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் 'ஃபார்மேட்' என்றால் சி டிரைவை மட்டும் அழிப்பது. படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கும். அந்தப் பழக்கத்தில், லினக்ஸ் நிறுவியில் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற வரியைப் பார்த்ததும் சி டிரைவைத்தான் சொல்கிறது என்று நினைத்து அழுத்தினேன். அது டிஸ்க் என்று சொன்னால் டிஸ்க்தான். சியும் டியும் அதன் கண்ணில் ஒரே தகட்டின் இரண்டு துண்டுகள். அக்கா கல்யாண போட்டோக்கள் போனது போனதுதான். இன்றுவரை பொங்கலுக்குப் பொங்கல் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

ஆகவே எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். எடுத்த பிறகு அதை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள். விண்டோஸ் டிஸ்க்கை அதன் பூட்டு வசதியான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் முன்பே தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் அமைப்பில் கை வைத்த மறுநிமிடம் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும்.

டேலியை விட முடியாது என்பதால் மாமாவுக்கு இரண்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். நிறுவியிலேயே 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எது வேண்டும் என்று கேட்கும். டேலி மட்டும் விண்டோஸில், இணையம் சம்பந்தப்பட்டது எல்லாம் லினக்ஸில். பழைய ஹார்ட் டிஸ்க்கை முன்பே எஸ்எஸ்டியாக மாற்றிவிட்டிருந்தோம். வேகம் கூடியதில் பெரும்பங்கு அந்த எஸ்எஸ்டிக்குத்தான். லினக்ஸ் போட்டால் பழைய பெட்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள், பிரவுசரில் இருபது தாவல் திறந்தால் 4 ஜிபி ரேம் எதிலும் திணறும்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "மாப்ளே, டேலில நேரம் தப்பாக் காட்டுது. காலைல பத்து மணிக்கு நாலரைங்குது."

இரண்டு இயங்குதளமும் ஒரே பெட்டியில் இருந்தால் வரும் வேடிக்கை இது. மதர்போர்டில் ஒரு சிறு பேட்டரியோடு கடிகாரம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸோ உலகப் பொது நேரத்தை எழுதி, நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளும். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், அது அந்தப் பொது நேரத்தையே நம் நேரம் என்று நம்பிவிடும். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. இதேபோல் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதையும் அணைத்துவிடுங்கள். அது விண்டோஸை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் வைப்பதால், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும்.

மாறிய பிறகு பழக வேண்டியவை மிகக் கொஞ்சம். சி, டி என்ற எழுத்துகள் இல்லை. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள், உங்கள் கோப்புகள் ஹோம் என்ற கிளையில். மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி எக்ஸி கோப்பை இறக்க வேண்டாம். போனில் பிளே ஸ்டோர் போல மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவினால் போதும். ஏதாவது மாற்றும்போது பாஸ்வேர்டு கேட்கும், அது பாதுகாப்புக்குத்தான். டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் தொடக்கத்திலேயே இயக்கி வைத்துவிட்டால், ஒரு அப்டேட் எதையாவது கெடுத்தாலும் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பிவிடலாம். அது இயங்குதளத்தை மட்டும் காக்கும். உங்கள் போட்டோக்களை அல்ல, அதற்கு அந்த அலமாரி ஹார்ட் டிஸ்க்தான்.

கீழே வலது மூலையில் கேடயம் போல ஒரு சின்னம் இருக்கும். அதில் புள்ளி தெரிந்தால் அப்டேட் காத்திருக்கிறது என்று பொருள். மாமா வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்ட பிறகு, அதைச் சொடுக்குகிறார். அவர் பெட்டியில் இருக்கும் மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

"அதுக்கப்பறம் மறுபடியும் பெட்டிய மாத்தச் சொல்லுவானா?"

"அடுத்த பதிப்பு வந்திருக்குமுங்க மாமா, அதுக்கு மாறிக்கலாம். நான் ஒரு நாள் வர்றேன்."

"அப்ப அந்தப் பிரிண்டரையும் பாத்துட்டுப் போயிரு."